புள்ளும் பூசையும்: குற்றாலக் குறவஞ்சியை முன்வைத்து விலங்குக் குறிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுப் பூனையின் விளங்காத செயல்களுக்கு ஆவியையோ தெய்வத்தையோ காரணமாகக் கூறும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. அது பழந்தமிழர் அறிவின் தொடர்ச்சி என்றும் சொல்லப்படுகிறது. தென்காசி வட்டாரத்தில் எழுந்த குற்றாலக் குறவஞ்சியை மையமாகவும் சங்கப் பாடல்களையும் பிற்கால வழக்குகளையும் துணையாகவும் கொண்டு இக்கூற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் மரபில் விலங்கு குறியாகவும் தெய்வக் கருவியாகவும் நின்ற அளவுக்குக் காணாததைக் காணும் சாட்சியாக நிற்கவில்லை என்பதும், குறியை ஓதி உரைத்தவர்கள் மதிப்பிழந்த பின்னரே விலங்கின்மேல் அந்தப் பார்வை ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: குறவஞ்சி, நிமித்தம், புள், வெருகு, பூசை, பல்லி, துலுக்குதல்

முன்னுரை

நள்ளிரவில் வெற்றுச் சுவரை வெறித்து நோக்கும் பூனை, ஆளில்லாத வாயிலைப் பார்த்துச் சீறும் பூனை, இறப்பு நிகழ்ந்த அறைக்குள் புக மறுக்கும் பூனை ஆகியவை பற்றிய பேச்சு எந்த ஊரிலும் கேட்கக் கிடைப்பதே. அப்பேச்சு முடியும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: மனிதர் கண்ணுக்குப் புலப்படாததை விலங்கு காண்கிறது; இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முதற்பகுதி உயிரியலார் ஆராய வேண்டியது. இரண்டாம் பகுதி இலக்கியச் சான்றுகளைக் கொண்டு சோதிக்கத்தக்கது. முன்னோர் எதை அறிந்திருந்தனர், எந்த விலங்கைப் பற்றி அறிந்திருந்தனர், அதை யார் வாயிலாக அறிந்தனர் என்னும் வினாக்களைக் கேட்காமலேயே அத்தொடர் வழங்கப்படுகிறது.

இவ்வினாக்களைக் கேட்பதற்குத் தென்காசியும் குற்றாலமும் பொருத்தமான நிலப்பகுதி. பாண்டியர் மரபின் கடைசிக் கிளை ஆண்ட ஊர் ஒன்று; குறி சொல்பவளையே தலைமைப் பாத்திரங்களுள் ஒன்றாக்கிய சிற்றிலக்கியம் பிறந்த ஊர் மற்றொன்று. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் விலங்கும் பறவையும் நிறைந்திருக்கின்றன. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்கச் சொக்கநாத நாயக்கர் அந்நூலுக்காகக் கவிராயருக்கு அளித்ததாகச் சொல்லப்படும் நிலம் இன்றும் குறவஞ்சிமேடு என்றே வழங்குகிறது. குறிக்கும் குறி கூறுபவளுக்கும் அக்காலச் சமூகம் அளித்த இடத்தை இப்பெயர் ஓரளவு காட்டும்.

சிங்கியும் சிங்கனும்

குறவஞ்சியின் கதைப்போக்கு ஆய்வாளர் அறிந்ததே. குற்றாலநாதர் உலா வரக் கண்ட வசந்தவல்லி காதலால் மெலிகிறாள். மலையிலிருந்து வரும் குறத்தி சிங்கி அவள் கையைப் பார்த்துக் குறி உரைக்கிறாள். பின்னர்ச் சிங்கியைத் தேடி அவள் கணவன் சிங்கன் வருகிறான். முதற்பகுதியைக் காதல் என்றும் பிற்பகுதியை நகைச்சுவை என்றும் பிரித்துப் படிப்பது வழக்கமாகிவிட்டது. விலங்குக் குறி என்னும் நோக்கில் படித்தால் இரண்டும் ஒரே அறிவின் இரு கூறுகளாகத் தோன்றுகின்றன.

சிங்கன் பறவை பிடிப்பவன். நூவன் துணைவர, எப்பறவை எந்த வயலில் இறங்கும், எப்போது மேயும், எதைக் கண்டு அஞ்சிப் பறக்கும் என்பவற்றை அறிந்து கண்ணி வைப்பது அவன் தொழில். கோயிலுக்குரிய வயல்களின் பெயர்களை அடுக்கி அவற்றில் இறங்கும் பறவைகளை அவன் காட்டும் பகுதி, நிலவியல் ஆவணமாகவும் பறவைப் பட்டியலாகவும் ஒருங்கே பயன்படும். சிங்கியோ அதே மலையின் உயிர்களைச் சொல்லாக மாற்றுபவள். குறி கூறத் தொடங்குகையில் பல்லியின் ஒலியும் அவளுக்குத் துணையாகிறது. கணவன் பறவையின் பழக்கத்தை உணவாக்குகிறான். மனைவி பல்லியின் ஒலியை உரையாக்குகிறாள். இருவருக்கும் முதல் ஒன்றே: காட்டில் வாழும் உயிர்களை நெடுநேரம் கூர்ந்து பார்த்த பழக்கம்.

சிங்கி தன் குறிக்குச் சான்றாகக் காட்டும் உயிர் எதையும் ‘கண்டதாக’ அவள் கூறுவதில்லை. பல்லி ஒலிக்கிறது, அதற்குப் பொருள் உண்டு, அப்பொருளை உரைக்கத் தெரிந்தவள் அவள். பல்லிக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. ஏட்டில் உள்ள எழுத்துக்குத் தன் பொருள் தெரியாதது போன்றதே இது.

சொற்களும் இதையே காட்டுகின்றன. ‘புள்’ என்பது பறவைக்கும் நிமித்தத்துக்கும் பொதுப்பெயர். வடமொழிச் ‘சகுனம்’ என்னும் சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் பறவையே. கிரேக்கரும் பறவையைக் குறிக்கும் சொல்லாலேயே நிமித்தத்தைக் குறித்தனர். பறவையை நோக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே உரோமரின் நிமித்தக் கலைக்குப் பெயராயிற்று. வானில் செல்வதாலும், வலம் இடம் என்று திசை பகுக்க இடம் தருவதாலும் பறவை எழுத்துப்போல் பயன்பட்டது. வீட்டு மூலையில் படுத்துறங்கும் உயிருக்கு இச்சொற்களில் இடமில்லை.

சங்கப் பாடல்களில் வெருகு

பூனையினம் சங்க இலக்கியத்தில் ‘வெருகு’ என்னும் பெயரால் பலமுறை வருகிறது. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப்பெயராகக் ‘குட்டி’ என்பதைக் கூறி, வெருகைப் ‘பூசை’ என்று வழங்குவதையும் விலக்க வேண்டியதில்லை என ஏற்கிறது. பிற்காலத்தில் கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டபோது ஆண்டதும் ‘பூசை’ என்னும் சொல்லையே. இலக்கணமும் காப்பியமும் அறிந்த இவ்விலங்கு நிமித்த விலங்காக எங்கேனும் வருகிறதா என்று பார்த்தால் கிடைக்கும் விடை சற்று வியப்பூட்டும்.

குறுந்தொகை 139ஆம் பாடலில் மாலைப்பொழுதில் வேலியோரம் வந்த வெருகுக் கூட்டத்தைக் கண்ட வீட்டுக்கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. குறுந்தொகை 220இல் முல்லை அரும்பு வெருகு சிரித்தாற்போல் விரிகிறது. 240இல் அதன் பல்லைப்போல் தோன்றுகிறது. இவற்றுள் முதலிரண்டும் ஒக்கூர் மாசாத்தியார் பாடியவை. வெருகின் பல்லை இவ்வளவு அருகிலிருந்து பார்த்தவர்கள் அதில் அச்சமும் அழகும் கண்டனர்; வருவது உரைக்கும் ஆற்றலைக் காணவில்லை.

இவ்வகையில் மிகவும் வலுவான சான்று புறநானூறு 117ஆம் பாடல். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், சனி புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தென்திசையில் ஓடினாலும் அந்நாட்டில் மழை பொய்க்கவில்லை என்கிறார். தீய நிமித்தங்களையே அடுக்கித் தொடங்கும் பாடல் இது. அதன் முடிவில் பூனையினம் வருகிறது. எவ்வாறு? இளம் வெருகின் கூரிய பல்லை ஒத்து முல்லை அரும்பும் நாடு என்று வளத்தின் அடையாளமாக வருகிறது. தீக்குறிகளைப் பட்டியலிட்ட புலவர்க்குப் பூனையையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதைப் பட்டியலின் எதிர்ப்பக்கத்தில் வைத்தார். வெருகு காட்டுப்பூனையே, வீட்டுப்பூனை பிற்காலத்தது என்று தடை எழுப்பலாம். அத்தடை ஏற்கத்தக்கதே. ஆயின் அது வாதத்தை வலுப்படுத்துமேயன்றிக் குறைக்காது: வீட்டுப்பூனைபற்றிய நம்பிக்கையைச் சங்க காலத்துக்குக் கொண்டுசெல்ல அதன்பின் எந்தப் பிடியும் இல்லை.

அச்சுறுத்தும் இரவு உயிர் என்ற இடம் அன்று கூகைக்கு உரியது. நற்றிணை 83இல் தோழி கூகையோடு பேரம் பேசுகிறாள். ஊன் சோறும் எலிச்சூடும் தருவதாகக் கூறி, தலைவன் வரும் இரவில் குழறாதிருக்க வேண்டுகிறாள். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி விரிச்சிக்காகக் காத்து நிற்கின்றனர். அவர்களுக்குக் கிடைப்பது, தாயைக் காணாது வருந்தும் கன்றைத் தேற்றும் ஆயர்மகளின் பேச்சு. விலங்கை நோக்கிச் சொன்ன சொல், காத்திருந்த மனிதர்க்குக் குறியாகிறது. கன்று எதையும் உணர்ந்ததாக அங்கும் குறிப்பில்லை.

சொல்லறிந்த பன்றி

விதிவிலக்கு ஒன்று உண்டு. நற்றிணை 98ஆம் பாடலில் தினைப்புனத்துக்குள் நுழையப்போன காட்டுப்பன்றி, அருகில் பல்லி ஒலிக்கக் கேட்டு, மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்குத் திரும்புகிறது. பாடியவன் அகநானூற்றைத் தொகுப்பித்த பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. இங்கே விலங்கே நிமித்தம் பார்க்கிறது.

இப்பாடலை விலங்கின் அமானுட உணர்வுக்குச் சான்றாகக் காட்டலாகாதா என்னும் வினா எழும். பன்றி எதைச் செய்கிறது என்பதைக் கவனித்தால் தெளிவு கிடைக்கும். அது பேயைக் காணவில்லை; தெய்வத்தை உணரவில்லை. மனிதர் எவ்வாறு பல்லியின் ஒலியைக் கேட்டு நடையை நிறுத்துவரோ அவ்வாறே நிற்கிறது. அதாவது, அது குறியைக் கேட்டு ஒழுகும் நிலைக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது; காணாததைக் காணும் நிலைக்கு அல்ல. இரவில் ஆபத்தான வழியில் வரும் தலைவனுக்குத் தோழி உணர்த்த விரும்புவதும் இதையே: புனத்தில் திரியும் பன்றிக்குள்ள எச்சரிக்கை அவனுக்கு இல்லை. இப்பாண்டியனின் நகைச்சுவை உரைகளில் போதிய அளவு பாராட்டப்படவில்லை.

கண் கட்டிய யானை

தெய்வத்தை விலங்கு அறியும் என்னும் கருத்து பக்தி இலக்கியத்தோடு பெருகுகிறது. குற்றாலத்துக்கே இதில் சிறப்பான இடமுண்டு. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் குறும்பலாவைப் பாடிய பதிகத்தில், பிடியும் களிறும் வேங்கைப் பூங்கொத்தைத் தலையில் ஏந்தி வந்து வணங்குகின்றன. திருவானைக்காவின் யானையும் சிலந்தியும், எறும்பூரின் எறும்பும், குரங்காடுதுறையின் குரங்கும், ஈங்கோய்மலையின் ஈயும் இவ்வரிசையில் வருவன. தலபுராணங்களில் வழிபட்ட உயிர்களின் தொகை நீண்டது. அவ்வரிசையிலும் பூனைக்கெனப் புகழ்பெற்ற தலம் அமையவில்லை. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே ஊர்தி. தமிழ்நாட்டில் அது சமயத்துக்குள் நுழைந்தது உவமையாகத்தான். குட்டியைத் தாயே கவ்விச் செல்வதுபோல் இறைவன் உயிரைக் கொள்கிறான் என்னும் மார்ச்சார நியாயம் தென்கலை வைணவத்தின் அருட்கோட்பாட்டை விளக்க உதவியது. தெருவில் குறுக்கே போனால் தீக்குறி, மடத்தில் பேசினால் திருவருள் என்று ஒரே விலங்கு இரட்டை வாழ்வு வாழ்ந்திருக்கிறது.

விலங்கு தெய்வத்தின் கருவியாகும் கதைகளில் யானைக்கே முதலிடம். கழுமலத்தில் கட்டியிருந்த யானை கருவூர் சென்று கரிகாலனைத் தேர்ந்த செய்தியைப் பழமொழி நானூறு கூறும். பெரியபுராணத்தில் மதுரையில் மன்னன் மகப்பேறின்றி இறந்தபின் அமைச்சர் யானை ஒன்றைக் கண்ணைக் கட்டி விடுகின்றனர். அது மூர்த்தி நாயனாரைத் தாழ்ந்து வணங்கிப் பிடரியில் ஏற்றிக்கொள்கிறது. கண்ணைக் கட்டியது ஏன்? யானை தானாக எவரையும் அறிந்து தேர்ந்தது என்ற ஐயம் எழாதிருக்கவே. விலங்கின் சொந்தப் புலனை மறைத்தால்தான் அதன் செயல் தெய்வச் செயலாகும். விலங்கின் கூர்ந்த புலனே அமானுடத்தை அறியும் என்னும் இன்றைய எண்ணத்துக்கு இது நேர்மாறானது.

தென்மாவட்டக் கொடைவிழாக்களில் இன்றும் காணப்படும் ‘துலுக்குதல்’ இதே தருக்கத்தில் அமைந்தது. சுடலைமாடன் முதலிய தெய்வங்களுக்கு நேர்ந்த கிடாயின்மேல் நீர் தெளிக்கின்றனர். அது உடல் சிலிர்த்து உதறினால் தெய்வம் ஏற்றது என்று பொருள். உதறாவிடின் காத்திருக்கின்றனர், வேண்டுகின்றனர், மீண்டும் தெளிக்கின்றனர். குளிர்ந்த நீர் பட்ட ஆடு சிலிர்ப்பது இயற்கை என்பது நீர் தெளிப்பவருக்கும் தெரியும். சிலிர்ப்பின் காரணம் நீர். அதன் காலமும் முழுமையும் தெய்வத்தின் விடை. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கும் மனநிலையை மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிட இயலாது.

உலகின் மறுபுறத்திலும் இதே சடங்கு இருந்தது. கிரேக்கத்தின் தெல்ஃபி கோயிலில் குறி கேட்குமுன் ஆட்டின்மேல் நீர் தெளிப்பர். அது உடல் முழுதும் நடுங்கினால்தான் குறிகூறும் பெண் பீடமேறுவாள். அக்கோயிலில் குருவாக இருந்த புளுட்டார்க் இதனை எழுதியிருக்கிறார். ஒருமுறை நடுங்காத ஆட்டை அளவுமீறி நனைத்து வலிந்து நடுங்கச் செய்தனர் என்றும், அன்று விருப்பமின்றிக் குறியுரைத்த பெண் நிலைகுலைந்து சில நாட்களில் இறந்தாள் என்றும் அவர் கூறுகிறார். விலங்கின் உடலை ஏமாற்றலாம். ஏமாற்றினால் தண்டனை குறி கூறுபவளுக்கு என்பதே அக்கதையின் உட்பொருள். அங்கும் குறியின் பொறுப்பு மனிதரிடமே இருந்தது.

சாட்சியான விலங்குகள்

விலங்கு தன் கண்ணாலேயே அமானுடத்தைக் காணும் மரபு வேறிடங்களில் தெளிவாக உண்டு. ஹோமரின் ஒடிசியில் அதீனை தோன்றும்போது மகன் தெலிமாக்கசு அவளைக் காணவில்லை. நாய்கள் கண்டு முனகி ஒதுங்குகின்றன. விவிலியத்தின் எண்ணாகமத்தில் தேவதூதனைப் பிலேயாம் காணுமுன் அவனுடைய கழுதை காண்கிறது. சேவல் கூவுவது வானவரைக் கண்டு, கழுதை கத்துவது சைத்தானைக் கண்டு என்னும் நபிமொழி முஸ்லிம்கள் நன்கறிந்தது. இந்திய மரபில் இதற்கு அண்மையில் வருவது நாய். இருக்கு வேதம் யமனுக்கு நான்கு கண்களையுடைய இரு நாய்களைத் தருகிறது. நாய் ஊளையிட்டால் யமன் வருவதைக் கண்டது என்னும் ஊர்வழக்கு அதனோடு உறவுடையதாகலாம்.

தென்காசி வட்டாரம் இம்மரபுகள் அனைத்தும் கலந்து வாழும் நிலம். கடையநல்லூரிலும் பொட்டல்புதூரிலும் நெடுங்கால முஸ்லிம் குடியிருப்புகள் உள்ளன. நெல்லைச் சீமையின் கிறித்தவமும் பழமையானது. பிலேயாமின் கழுதை 1720களிலேயே தரங்கம்பாடி அச்சில் தமிழ் பேசிவிட்டது; குறவஞ்சி எழுந்ததும் ஏறத்தாழ அக்காலமே. சாட்சி விலங்கு என்னும் கருத்து இவ்வழிகளில் தமிழ் வழக்கில் வலுப்பெற்றிருக்கலாம். இது கருதுகோள் அளவிலேயே நிற்கத்தக்கது. வாய்மொழி வழக்காறுகளைச் சமயவாரியாகவும் ஊர்வாரியாகவும் தொகுத்த பின்னரே உறுதி கூற இயலும். ஆனால் ‘பழந்தமிழர் நம்பிக்கை’ என்று ஒரே மூச்சில் சொல்லப்படுவது பல சமயத்தாரின் பங்களிப்பாக இருக்கக்கூடும் என்பதை மறப்பதற்கில்லை.

மழையும் பூனையும்

பூனையின் விந்தைச் செயலைக் குறியாகக் கொண்ட பழைய நூல் ஒன்று உண்டு. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சங்கிதையில் உடனடியாக மழை வருவதற்குரிய அடையாளங்களைக் கூறுகையில், பூனைகள் நகத்தால் நிலத்தை மிகுதியாகக் கீறுவதையும் ஒன்றாகச் சேர்க்கிறார். இரும்பின் துருநாற்றம், தெருவில் சிறுவர் மணலால் அணைகட்டி விளையாடுதல், எறும்பு முட்டையைச் சுமந்து இடம்பெயர்தல் ஆகியவை அதனோடு வருகின்றன. எறும்பின் இச்செயலைத் தமிழும் அறியும்: புறநானூறு 173இல் சோற்றுத்திரளோடு செல்லும் சிறுவர் வரிசை, மழைக்கு முன் முட்டை கொண்டு மேட்டுநிலம் சேரும் எறும்பொழுக்காகக் காட்டப்படுகிறது.

இங்கே பூனை பேய்க்கு அஞ்சவில்லை. காற்றின் ஈரத்துக்கு எதிர்வினை காட்டுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றையும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரலையும் நம்பி வாழும் குற்றாலத்தார்க்கு இவ்வகை அறிவு வாழ்க்கைத் தேவை. விலங்கின் மாறுபட்ட செயலை இயற்கை மாற்றத்தின் அடையாளமாகப் படிக்கும் வழக்கு நிமித்த நூலுக்குள்ளேயே இருந்தது என்பதை இன்றைய அமானுட விளக்கங்கள் எளிதில் மறைத்துவிடுகின்றன.

குறியும் குற்றமும்

குறி உரைப்பவரின் வீழ்ச்சிக்கு ஆண்டுக்கணக்கு உண்டு. வடஇந்தியாவில் 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் உரியதாயிற்று. கொறவர் குழுக்கள் பல அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. ஊர் ஊராகச் சென்று குறி சொல்லி வாழ்ந்தவர்களுக்கு ஊர் விட்டு ஊர் செல்வதே ஐயத்துக்குரிய செயலாயிற்று. மறு ஆண்டு, 1912இல், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியாவின் நிமித்தங்களையும் மூடநம்பிக்கைகளையும் தொகுத்து நூல் வெளியிட்டார். நிமித்தங்களுக்கு ஓர் இயலும் விலங்குகள் பற்றிய நம்பிக்கைகளுக்குத் தனி இயலும் அதில் உண்டு. உரைத்தவர் ஒரு சட்டத்தின் அட்டவணையில். உரைக்கப்பட்டது ஒரு நூலின் அட்டவணையில். இரண்டும் ஒரே திட்டத்தின் விளைவு என்று கூறுவது மிகை. ஆயினும் இரண்டுக்கும் இடையே ஓராண்டே இடைவெளி.

இன்னொரு தற்செயலும் நினைக்கத்தக்கது. பல்லி கேட்டுத் திரும்பும் பன்றியைப் பாடிய நற்றிணை, பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையோடு 1915இல் அச்சேறியது. தர்ஸ்டன் தொகுத்தபோது தமிழ் வாசகர் கையில் அப்பாடல் இல்லை. மூடநம்பிக்கை என்ற தலைப்பு முதலில் வந்தது. அதற்கு மாற்றான சான்று பின்னர் வந்தது.

குறவஞ்சியின் குறத்தி இலக்கியப் படைப்பு. அவளை ஒரு குறிப்பிட்ட சமூகத்தோடு முற்றாகப் பொருத்துவது பிழையாகும். ஆனால் மேடையில் அவளுக்கு நிலம் கொடுத்த சமூகம், தெருவில் அவள் மரபினரைக் காவல்நிலையத்தில் கையெழுத்திட வைத்தது என்னும் முரணை ஆய்வுலகம் மென்மையாகவே பேசி வந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்குள் பல்லியின் சொல், பஞ்சாங்கத்தின் கட்டங்களில் நாள்வாரியாகவும் திசைவாரியாகவும் அச்சாகி நிலைபெற்றிருந்தது. கேட்பவர் முகத்தையும் கையையும் பார்த்துப் பொருள் மாற்றி உரைக்கும் கலை அட்டவணையில் இல்லை. குறி தங்கியது, உரைப்பவள் போனாள். இடைநின்று பொருள் சொல்ல எவருமில்லாத வீட்டில், விலங்கே அறிந்து சொல்கிறது என்று எண்ணுவது எளிது.

இன்றைய பூனை

அமானுட உணர்வுக்கு இன்று காட்டப்படும் சான்றுகளுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் பிராவிடன்சு நகர முதியோர் மருத்துவமனைப் பூனை ஆஸ்கர். மருத்துவர் டேவிட் டோசா 2007 சூலையில் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் அதைப்பற்றி எழுதினார். இறக்கும் நிலையிலிருந்த 25க்கும் மேற்பட்டோரின் படுக்கையில் அது முன்கூட்டியே சென்று படுத்தது என்பது செய்தி. இறக்கும் உடலின் வேதி மாற்றத்தை அது மோப்பத்தால் அறிந்திருக்கலாம் என்பது பலரின் ஊகம். இறப்பு நிகழாத படுக்கைகளில் அது படுத்த நேரத்தை எவரும் கணக்கிடவில்லை என்பது எதிர்வாதம். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் இலங்கையின் யால காட்டு விலங்குகள் முன்னறிந்து தப்பின என்று பரவிய செய்தியும் அத்தகையது. அங்குக் கழுத்துப்பட்டை வழியே செயற்கைக்கோளால் கண்காணிக்கப்பட்ட இரு யானைகளின் நடமாட்டத்தை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, அத்தகைய முன்னுணர்வைக் காட்டும் அசைவு எதையும் காணவில்லை.

பூனையின் புலன்கள் மனிதரின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பதில் ஐயமில்லை. மனிதர் கேட்கும் ஒலியின் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு. பூனைக்கு அது 85,000 ஹெர்ட்சு வரை செல்கிறது. அதன் விழிவில்லை புறஊதாக் கதிரின் ஒரு பகுதியை உள்ளே விடுகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. வாயைச் சற்றே திறந்து வெறித்து நிற்பது, மேலண்ணத்திலுள்ள மோப்ப உறுப்புக்கு வாசனையைக் கொண்டுசெல்லும் செயல். முதுமையடைந்த பூனை இரவில் காரணமின்றிக் கதறுவது மூளைத் தளர்ச்சியாகவோ தைராய்டு மிகையாகவோ இரத்தக் கொதிப்பால் வந்த பார்வையிழப்பாகவோ இருக்கலாம். கடைசியிற் கூறியவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஆவியைக் கண்டது என்று விளக்கம் கிடைத்துவிட்ட வீட்டில் அப்பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வோர் குறைவு. தீக்குறி என்ற பெயரில் கருப்புப் பூனையைத் துரத்துவோர் மிகுதி. பழமையின் பெயரால் வரும் விளக்கத்தின் விலையை ஓர் உயிர் கொடுக்கிறது.

தென்காசி வட்டாரத்தின் ஓட்டு வீடுகளிலும் காரை வீடுகளிலும் இரவில் பூனை வெறித்து நோக்கும் சுவரை விளக்கேற்றிப் பார்த்தால், உத்தரத்தின் மறைவிலோ காரை விரிசலிலோ பெரும்பாலும் ஒரு பல்லி இருக்கும். அது ஊர்ந்து செல்லும் மெல்லொலி மனிதச் செவிக்கு எட்டாது, பூனைக்கு எட்டும். சிங்கி அவ்வீட்டுக்கு வந்திருந்தால் பல்லியையே கேட்டிருப்பாள்.